ஏஎல் முடிந்ததும் தட்டைக் கீழே வைக்காதீர்கள்: திருகோணமலையில் இருந்துகொண்டே தட்டெறிதலில் முன்னேறுவது எப்படி

நம்ம ஊரில் நல்லாத் தட்டெறிகிற பிள்ளைகளில் பலர் ஏஎல் சோதனை எழுதின கையோடு தட்டைப் பாடசாலை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாகாண மட்டத்தில் ஒரு பதக்கம், அகில இலங்கைப் போட்டிக்கு ஒரு பயணம், வீட்டுச் சுவரில் ஒரு சான்றிதழ், அதோடு சரி. ஓட்டக்காரர் பத்தொன்பது வயதில் நிறுத்தினாலே வருத்தம்தான், ஆனால் தட்டெறிகிறவர் அந்த வயதில் நிறுத்துவது நாற்று நட்ட கையோடு வயலை விற்கிற மாதிரி. இந்த விளையாட்டில் உடம்பு முற்றவும், சுழற்சி காலில் ஊறவும், போட்டிப் பதற்றம் அடங்கவும் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் அல் ஓர்ட்டரை எடுங்கள். 1956 மெல்பேர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ சிட்டி என்று வரிசையாக நான்கு ஒலிம்பிக்கில் தங்கம். முதல் தங்கத்தின்போது வயது 20, தூரம் 56.36 மீற்றர், நான்காவதின்போது 32 வயது, 64.78 மீற்றர். ஒவ்வொரு தடவையும் ஒலிம்பிக் சாதனை, ஒவ்வொரு தடவையும் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஒருவரை முந்தித்தான் வென்றார். 1964 இல் விலா எலும்புக் குருத்து கிழிந்து, கழுத்திலும் பழைய காயம், அப்படியிருந்தும் ஐந்தாவது எறிதலில் 61.00. இதை எல்லாம் விட எனக்குப் பிடித்தது 1980 தான்: 43 வயதில், தன் வாழ்நாளிலேயே அதிக தூரமான 69.46 மீற்றரை எறிந்தார். முழுநேர விளையாட்டுக்காரரும் இல்லை அவர். விமானம் செய்கிற ஒரு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து, பெரும்பாலும் கோச் இல்லாமல் எறிந்தவர். அதனால் "கோச் இல்லை, வேலைக்குப் போகணும்" என்கிற இரண்டு சாட்டையும் இப்போதே ஓரமாக வைத்துவிடலாம்.

தங்கச்சிமாருக்கு இன்னும் இரண்டு பெயர். ருமேனியாவின் லியா மனோலியு 1952 முதல் 1972 வரை ஆறு ஒலிம்பிக்கில் எறிந்தவர். 1960 இலும் 1964 இலும் வெண்கலம், 1968 இல் 36 வயதில் தங்கம். முழங்கைக் காயத்தோடு வந்து முதல் எறிதலிலேயே 58.28 போட்டுவிட்டார், பிறகு மழை பிடித்து வட்டம் நனைய மற்றவர்களால் அதைத் தாண்ட முடியவில்லை. இந்தியாவின் கிருஷ்ணா பூனியா ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு 2010 இல் டெல்லி பொதுநலவாய விளையாட்டில் 61.51 எறிந்து தங்கம் எடுத்தார். "கலியாணம் கட்டினால் இதெல்லாம் சரிவராது" என்று வீட்டில் யாராவது தொடங்கினால் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

தட்டும் வட்டமும்

ஆண்களுக்கு 2 கிலோ, 20 வயதுக்குட்பட்டோருக்கு 1.75, 18 வயதுக்குட்பட்டோருக்கு 1.5. பெண்களுக்கு 18 வயதுப் பிரிவிலிருந்தே 1 கிலோதான். அதாவது ஒரு தங்கச்சி பதினாறு வயதில் பிடித்துப் பழகின தட்டையே முப்பத்தாறு வயதிலும் எறியப்போகிறாள், அது பெரிய கொடுப்பினை. தம்பிமாருக்குத்தான் கஷ்டம்: எடை ஏற ஏற தூரம் இறங்கும், 1.5 இல் நல்லாப் போட்டவர் 2 கிலோவை எடுத்தால் ஏழெட்டு மீற்றர் குறைந்துபோகும், உடனே "எனக்கு இது சரிவராது" என்று மனம் விட்டுவிடுவார். குறையத்தான் செய்யும். போன வருடத்து எண்ணோடு ஒப்பிடாமல், அதே எடையில் மூன்று மாதத்துக்கு முன் என்ன போட்டீர்கள் என்று பாருங்கள்.

வாங்கும்போது எடை முழுக்க விளிம்பில் ஏற்றின விலை கூடின தட்டைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். அது நல்ல வேகத்தில் சுழற்றி விடத் தெரிந்தவருக்குத்தான் பறக்கும், பழகாத கையில் ஆடி ஆடி விழும். மரத்தில் செய்து இரும்பு விளிம்பு போட்ட சாதாரண தட்டு போதும். கூடவே ஒரு ரப்பர் தட்டும் இருந்தால் நல்லது, ஏனென்றால் நம்ம மைதானங்களில் புல்லுக்குக் கீழே கல்லும் கிரவலும்தான், இரும்பு விளிம்பு கல்லில் அடிபட்டுப் பிசிறு எழும்பும், அடுத்த எறிதலில் அந்தப் பிசிறு சுட்டுவிரலைக் கிழித்துக்கொண்டு போகும். பயிற்சிக்கு முன்னால் விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குத்தினால் சாண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள். உப்புக்காற்றுக்கு இரும்பு ஒரு கிழமையில் துருவேறும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கள், அடுத்த நாள் எறிவதற்கு முன் துணியால் எண்ணெய் சுத்தமாகப் போகும்வரை துடையுங்கள். எண்ணெய்க் கையோடு எறிந்தால் தட்டு எங்கே போகும் என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

வட்டத்தின் உள்விட்டம் 2.50 மீற்றர். சீமெந்துத் தரை இல்லாமல் சுழற்சி வராது, புல்லில் கால் சுழலாமல் முழங்கால்தான் முறுகும். பாடசாலையில் வட்டம் இல்லையென்றால் பழைய மாணவர் சங்கத்தைப் பிடித்து ஒன்று போடுங்கள், பெரிய செலவில்லை. தரை மட்டமாகவும், சுற்று விளிம்பை விட 2 சென்ரிமீற்றர் தாழ்வாகவும் இருக்க வேண்டும். கொத்தனார் தன் கெட்டித்தனத்தைக் காட்ட மேற்பரப்பைக் கண்ணாடி போல மினுக்கிவிடுவார், விடாதீர்கள். மழைத்தூறலில் கால் வழுக்கி விழுவீர்கள். மினுக்காமல், லேசான சொரசொரப்போடு விடச் சொல்லுங்கள். தண்ணீர் வடிய சின்ன ஓட்டையும் வேண்டும், மாரி காலத்தில் அது இல்லாத வட்டம் தொட்டியாகிவிடும்.

தட்டு விழ வேண்டிய பகுதிக்கு எல்லைக்கோடு போடக் கோணமானி எல்லாம் தேவையில்லை. வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் இரண்டு முளை அடியுங்கள், இரண்டு முளைக்கும் இடையில் சரியாக 12 மீற்றர் இருக்க வேண்டும். நடுப்புள்ளியிலிருந்து அந்த முளைகள் வழியாகக் கயிறு இழுத்தால் சட்டப்படியான 34.92 பாகை வந்துவிடும். கண்மட்டத்துக்கு அகலமாகக் கோடு போட்டுப் பழகின பிள்ளை போட்டியில் மூன்று எறிதலையும் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு வந்து நிற்கும்.

சப்பாத்து பற்றி ஒரு வரி: அடி மட்டமாக, தேய்ந்த பழைய சப்பாத்து, ஆணி வைத்த ஸ்பைக்ஸ் வேண்டாம். முதல் இரண்டு வருடத்துக்கு இது தாராளம்.

ஆளுக்கு அடிபடாமல்

நம்ம மைதானங்களில் வலைக்கூண்டு பெரும்பாலும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மெக்கெய்சராக இருந்தாலும் ஏகாம்பரமாக இருந்தாலும் புட்போல்காரரும் கிரிக்கெட்காரரும் நிறைந்துவிடுவார்கள், அதற்கு நடுவில் தட்டெறிவது சரிவராது, விடியக் காலைதான் நம்ம நேரம். வலக்கைக்காரர் முந்திக் கைவிட்டால் தட்டு வலப்பக்கம் போகும், பிந்தி விட்டால் இடப்பக்கம். பார்ப்பவர் யாராக இருந்தாலும், பயிற்றுவிப்பவரும் சேர்த்துத்தான், வட்டத்துக்கு நன்றாகப் பின்னால் தள்ளி, எறிபவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டு நிற்கிறவரை வெளியே அனுப்புங்கள். எல்லோரும் எறிந்து முடித்த பிறகு ஒன்றாகப் போய் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கையில் கொண்டுவர வேண்டும், திருப்பி எறியவே கூடாது. (ஓர்ட்டர் தட்டெறிதலுக்கு வந்ததே பாடசாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது காலடியில் வந்து விழுந்த தட்டைத் திருப்பி எறிந்து, அது எறிந்தவர்களின் தலைக்கு மேலால் போனதால்தானாம். நல்ல கதை, ஆனால் நீங்கள் செய்யாதீர்கள்.)

கடற்கரையில் எறியலாமா என்று எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர், மற்றப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்கள், நடுவில் மாடு. வேண்டாம். ஈர மணலில் தட்டை உருட்டிப் பழக மட்டும் அது அருமையான இடம்.

இன்னொன்று, தட்டு விழுந்த இடமெல்லாம் குழி விழும். அந்தக் குழியில் புட்போல் விளையாடுகிறவன் காலை மடக்கினால் அடுத்த கிழமை உங்களுக்கு மைதானம் இல்லை. போகும்போது காலால் மிதித்து மூடிவிட்டுப் போங்கள், மைதானம் பார்க்கிற ஐயாவோடு சண்டை வராது.

கை கடைசி

தட்டைப் பிடிப்பது என்று சொல்கிறோம், உண்மையில் பிடிப்பதே இல்லை. விரல்களின் முதல் மூட்டுத்தான் விளிம்பில் தொங்கும், பெருவிரல் மேலே சும்மா கிடக்கும், உள்ளங்கை ஒட்டாது. இறுக்கிப் பிடித்தால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் தோள் முந்தும், தோள் முந்தினால் காலின் வேலையெல்லாம் வீண்.

முதல் கிழமை முழுக்க உருட்டுங்கள். குனிந்து நின்று, நண்பர் ஒருவரை எதிரே நிற்கவைத்து, தட்டை நிலத்தில் சக்கரம் மாதிரி நேராக உருட்டிவிட வேண்டும். அது சரிந்து விழாமல் ஓடினால் சுட்டுவிரலில் இருந்து சரியாகப் போகிறது என்று அர்த்தம். வலக்கைக்காரருக்கு மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் போகிற பக்கம் சுற்ற வேண்டும். சின்ன விரல் பக்கமாக நழுவினால் எதிர்ப்பக்கம் சுற்றும், சுற்றாத தட்டு கல் மாதிரி விழும். பெரிய பிள்ளைகள் இதைச் செய்ய வெட்கப்படுவார்கள். தேசிய மட்டத்துக்குப் போகிறவர்களே சூடேற்றும்போது உருட்டுகிறார்கள், உங்களுக்கு என்ன வெட்கம்.

அப்புறம் நின்ற நிலை எறிதல். வலக்கால் பின்னால், முழங்கால் மடிந்து, உடம்பின் பாரம் அதன் மேல். இடக்கால் முன்னால், நுனி எறிகிற திசைக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக. தட்டு பின்னால் தோள் உயரத்தில் தங்கி நிற்கும். தொடங்குவது வலப்பாதம்: குதி வெளியே திரும்ப, முழங்கால் திரும்ப, இடுப்பு திரும்ப, நெஞ்சு திரும்ப, கை எல்லாவற்றுக்கும் பின்னால் இழுபட்டு வரும். பயிலுநர் செய்கிற பிழையில் முக்கால்வாசி, கை முந்துவதுதான். பரீட்சித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் நிற்கிற நண்பர் உங்கள் தட்டுக் கையின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் வலப்பாதத்தையும் இடுப்பையும் மட்டும் எறிகிற பக்கம் திருப்புங்கள். நெஞ்சின் குறுக்கே, வலத்தோளிலிருந்து விலா வரைக்கும், ஒரு இழுவை தெரியும். அந்த இழுவைதான் தூரம். அது தெரியாமல் எறிந்தால் வெறும் கைப்பலம், அதற்கு எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

நின்ற நிலையில் தட்டு ஆடாமல் போகிற வரைக்கும் முழுச் சுழற்சிக்குப் போகாதீர்கள். பொறுமை இருக்காது, தெரியும்.

முழுச் சுழற்சியில் முதுகை எறிகிற திசைக்குக் காட்டி நிற்பீர்கள், ஒன்றரைச் சுற்றுச் சுற்றி எறிவீர்கள். நுணுக்கம் முழுக்க வட்டத்தின் பின்பகுதியில். தட்டைப் பின்னால் கொண்டுபோன பிறகு பாரம் இடக்காலுக்கு மாற வேண்டும், மாறின பிறகுதான் திரும்ப வேண்டும்; தலையும் இடத்தோளும் முதலில் திரும்பினால் உடம்பு வட்டத்தின் ஓரமாகச் சாய்ந்து விழும், அங்கேயே எறிதல் முடிந்தது. இடப்பாதத்தின் முன்பந்தில் (விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதியில்) சுழன்று, வலக்காலை அகலமாக வீசி, நடுவட்டத்துக்குப் பாய்வது ஓட்டத்தில் முதலடி வைக்கிற மாதிரியான வேகம், மேலே குதிப்பது இல்லை. வலக்கால் நடுவில் முன்பந்தில் இறங்கியதும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இடக்கால் தாமதிக்காமல் முன்னால் வந்து ஊன்ற வேண்டும், அது ஊன்றின வேகத்தில் இடப்பக்கம் சுவர் மாதிரி நிற்க, வலப்பக்கம் அதைச் சுற்றி அடிக்கும். வலக்கால் இறங்குவதற்கும் இடக்கால் இறங்குவதற்கும் இடையில் உள்ள நேரத்தைச் சுருக்குவதுதான் வருடக்கணக்கான வேலை. போனை வட்டத்துக்குப் பின்னால் நிறுத்தி மெதுவேகத்தில் படம் பிடியுங்கள், கோச் இல்லாத குறையில் பாதியை அது தீர்த்துவிடும். இடப்பக்கக் கையையும் பாருங்கள், அதை யாரும் கவனிப்பதில்லை. 1960 ரோமில் முன்னணியில் இருந்த ரிங்க் பாப்கா, தன்னோடு போட்டியிட்ட ஓர்ட்டரைக் கூப்பிட்டு இடக்கை பிழையாக நிற்கிறது என்று சொன்னார். ஓர்ட்டர் அதைத் திருத்தி அடுத்ததாக எறிந்து பாப்காவையே முந்தித் தங்கம் எடுத்தார். பாப்காவுக்கு வெள்ளி. அப்படி ஒரு மனுசன்.

கச்சானும் வாடையும்

வெளியூர்க்காரர் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய விஷயம் காற்று. தட்டு பின்காற்றை விட எதிர்க்காற்றில்தான் தூரம் போகும், புதியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். எதிரே காற்று வரும்போது தட்டின் மேல் ஓடுகிற காற்றின் வேகம் கூடும், அது தட்டைத் தாங்கிப் பிடிக்கும், மிதந்துகொண்டே போகும். வலக்கைக்காரருக்கு வலப்பக்க முன்னாலிருந்து சரிவாக வருகிற காற்று இன்னும் நல்லது.

கச்சான் காலத்தில், மே கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை, காற்று தென்மேற்கிலிருந்து சூடாக அடிக்கும். மார்கழி, தை என்றால் வாடை வடகிழக்கிலிருந்து. பின்னேரங்களில் கடற்காற்று. பாடசாலையில் புதிதாக வட்டம் போடுகிறீர்கள் என்றால், உங்கள் முக்கியமான போட்டிகள் எந்த மாதம் என்று பார்த்து அதற்கேற்பத் திசை வையுங்கள், சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பில் ரிபன் கட்டிவிடுங்கள், எறிவதற்கு முன் அதைப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும்.

எதிர்க்காற்று என்றால் தட்டைத் தாழ்வாக, மூக்கு (தட்டின் முன்விளிம்பு) கொஞ்சம் குனிந்தபடி விடுங்கள், மூக்கு நிமிர்ந்தால் காற்று கீழ்ப்பக்கத்தில் அடித்து நிறுத்தி உங்கள் பக்கமே திருப்பிவிடும். பின்காற்று என்றால் உயரமாக. காற்றே இல்லையென்றால் 35 பாகைக்குக் கிட்ட.

ஆனால் காற்றில் வந்த தூரத்தை நம்பி ஏமாறாதீர்கள். 1986 இல் யூர்கன் ஷுல்ட் வைத்த 74.08 மீற்றர் உலக சாதனை கிட்டத்தட்ட 38 வருடம் அசையாமல் இருந்தது. 2024 ஏப்ரலில் லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா அதை 74.35 ஆக்கினார், அடுத்த வருடமே 75.56 ஆக்கினார். இரண்டும் அமெரிக்காவில், ஒக்லஹோமாவின் ரமோனா என்கிற, காற்றுக்கென்றே பெயர்போன திறந்த வெளியில். அதே அலெக்னா 2024 ஓகஸ்டில் பரிஸ் ஒலிம்பிக்கில், நாலா பக்கமும் பார்வையாளர் அரங்கு சூழ்ந்த மைதானத்தில் எறிந்தது 69.97. அது ஒலிம்பிக் சாதனைதான், அதுவும் 2004 இல் தன் தகப்பன் விர்ஜிலியஸ் அலெக்னா வைத்த 69.89 ஐத் தாண்டின சாதனை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜமேக்காவின் ரோஜே ஸ்டோனா வந்து சரியாக 70.00 எறிந்தார். மூன்று சென்ரிமீற்றரில் தங்கம் போய்விட்டது. அதனால் பயிற்சிக் கொப்பியில் தூரத்துக்குப் பக்கத்தில் காற்று எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள், கச்சானில் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு கொழும்பில் பதக்கம் கனவு காணக் கூடாது.

கிழமையும் வருடமும்

படிக்கிற பிள்ளைக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் கிழமைக்கு மூன்று நாள் எறிதல், இரண்டு நாள் பாரம், ஒரு நாள் ஓட்டமும் தாவலும், ஒரு நாள் முழு ஓய்வு. ஒரு நாளில் முப்பது எறிதலுக்கு மேல் தேவையில்லை, அதற்குப் பிறகு களைத்த உடம்பு பிழையைத்தான் பழகும். ஜிம்மில் குந்தி எழும்புதலும், நிலத்திலிருந்து பாரத்தை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுவதும்தான் முக்கியம். கண்ணாடி முன்னால் நின்று புஜம் வளர்ப்பது கலியாணவீட்டுக்கு உதவும். ஜிம்முக்கு வழியில்லையா, உவர்மலை ஏற்றம் இருக்கிறது, குறுகின வேகமான ஓட்டம் மேல்நோக்கி, நடந்து இறக்கம். கோணேசர் கோயில் ஏற்றத்திலும் சிலர் ஓடுகிறார்கள், ஆனால் அது அடியார் போகிற வழி, விடியக் காலையில் மான்கள் வேறு குறுக்கே நிற்கும், அங்கே நடக்கத்தான் நல்லது. பழைய சின்ன டயர் ஒன்றைத் தட்டுக்குப் பதிலாகச் சுழற்றி எறிந்தால் இடுப்பை முந்தவிடப் பழகலாம்.

சாப்பாட்டில் நாங்கள் கெட்டிக்காரர், நேரத்தில்தான் பிழை. காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் போட்டுவிட்டு எறிய வருவது, மத்தியானம் ஒரு மலைச் சோறு. அதைப் பிரியுங்கள். பயிற்சி முடிந்ததும் அவித்த கடலையோ பயறோ முட்டையோ, மத்தியானம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டுங்கள். சூரையும் சாளையும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு டப்பா மாவுக்குக் காசு கொட்டாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது, ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால் "தெரியாமல் குடித்தேன்" என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், உடம்பில் இருந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு.

வருடத்தைப் பிரிக்கும்போது மாரி காலத்தைப் பாரத்துக்கும் நின்ற நிலை எறிதலுக்கும் வையுங்கள். மழை விட்டதும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும், அவற்றைப் பயிற்சியாகவே எடுங்கள்.

போட்டிக்குப் போகிறபோது

பாடசாலைப் பிள்ளைக்கு வழி தெளிவு: வலயம், மாகாணம், அகில இலங்கை. கிழக்கு மாகாணம் என்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளோடும்தான் போட்டி, அங்கேயும் நல்ல எறிதல்காரர் இருக்கிறார்கள், முன்கூட்டியே பேர் தெரிந்து வைத்திருங்கள்.

பெரும்பாலான போட்டியில் முதலில் மூன்று எறிதல், அதில் முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. ஆகவே முதல் எறிதல் சாதனைக்கானது அல்ல, உள்ளே விழ வேண்டியது. முக்கால் வேகத்தில், நடுக்கோட்டைப் பார்த்து. அது பதிவானதும் தோள் தானாக இறங்கும். மனோலியு தங்கம் எடுத்ததே முதல் எறிதலில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் மழை வரலாம். வட்டத்துக்குள் அசையாமல் நின்றுதான் தொடங்க வேண்டும், விளிம்பின் உட்பக்கத்தில் கால் படலாம், மேற்பக்கத்தில் படக் கூடாது, தட்டு நிலத்தில் விழும் வரை வெளியேறக் கூடாது, விழுந்த பிறகும் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். நல்ல எறிதலைப் போட்டுவிட்டுச் சந்தோசத்தில் முன்னால் ஓடி, சிவப்புக் கொடி வாங்கின பிள்ளைகள் எத்தனையோ. கையுறை கூடாது, கையில் சோக்குத் தூள் போடலாம். துவாய் ஒன்று கட்டாயம்.

சொந்தத் தட்டைக் கொண்டுபோகலாம், ஆனால் தொடங்குவதற்கு முன் நிறுத்துப் பார்த்து அடையாளம் போடுவார்கள், அதற்கு நேரத்தோடு போக வேண்டும். தேய்ந்து எடை குறைந்த தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வீட்டிலேயே ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் நித்திரை இல்லாமல் போய் இறங்கி அன்றைக்கே எறிவது நம்மவர் வழக்கம். முடிந்தால் ஒரு நாள் முந்திப் போய், சுகததாஸவோ தியகமவோ, அந்த வட்டத்தில் காலை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சீமெந்தும் ஒவ்வொரு வேகம். வழுக்குகிற வட்டத்தில் முதல் திருப்பத்தை மெதுவாக்கணும், பிடிக்கிற வட்டத்தில் பாதத்தை இன்னும் உயர்த்திச் சுழலணும்.

பாடசாலை முடிந்தவருக்குத்தான் வழி தெரிவதில்லை. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், அதில் உறுப்பினராகுங்கள். தேசிய விளையாட்டு விழாவுக்கான தெரிவு பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று அந்த வழியாகத்தான் போகும், தட்டெறிதலுக்குப் பிரதேச மட்டத்தில் ஆட்கள் குறைவு, நீங்கள் போனாலே மாவட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி இருக்கிறது. முப்படைகளும் பொலிஸும் விளையாட்டுக்காரரைச் சேர்க்கிறார்கள், சம்பளமும் ஜிம்மும் கோச்சும் ஒரே இடத்தில் கிடைக்கும், அது ஒவ்வொருவரும் வீட்டோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். செயலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டைப் பிரதியும், பழைய சான்றிதழ்களின் பிரதியும் கொண்டுபோங்கள், போட்டித் திகதி பலகையில் ஒட்டும்வரை காத்திருக்காமல் உத்தியோகத்தரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அறிவித்தல் வருகிற அன்றைக்கும் போட்டி நடக்கிற அன்றைக்கும் இடையில் சிலவேளை ஒரு கிழமைகூட இருக்காது.